உங்கள் கண்ணெதிரே கட்டிய விமானம்

சார்,

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சோறு பிசைந்தால் தின்னர் வாசனைதான் அடிக்கிறது. காலையில் கண்காட்சிக்குக் கிளம்பும் அவசரத்தில் விமானத்தின் இறக்கையோரம் ஒரு பெயிண்ட் பிசிறைத் துடைத்தேன், அந்த வாசனை. இது மூக்கில் ஏறினாலே எனக்கு உங்கள் முகம்தான் வருகிறது. பத்து மாதம் ஸ்டாஃப் ரூமில் என் எதிர் மேசையில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மோர்சாதம் சாப்பிட்ட முகம்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை. அதை இரங்கல் கூட்டத்தில் மற்றவர்கள் செய்துவிட்டார்கள். ஃபிசிக்ஸில் புலி என்றார்கள், நேரம் தவறாதவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு நீங்கள் செய்ததை யாரும் சொல்லவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

போன வருட அறிவியல் கண்காட்சி ஞாபகம் இருக்கிறதா? தென்காசியில், ஆசிரியர்களுக்கான பிரிவு. கணக்கு டீச்சரான நான் எக்ஸ்-29 ஜெட்டின் மாதிரியைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். சோதனைக்கென்று இரண்டே இரண்டு செய்து பறக்கவிட்ட விமானம். மற்ற ஜெட்டுகளுக்கு இறக்கை பின்னால் சாய்ந்திருக்கும். இதற்கு முன்னால் சாய்ந்திருக்கும், யாரோ மாற்றி மாட்டிவிட்டது போல. கடையில் வாங்கிய கிட் இல்லை. படத்தைப் பார்த்து அளவு போட்டு, சன்போர்டு நுரை அட்டையை அடுக்கி ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எட்டு மாதம் செய்தது. அந்த மெல்லிய இறக்கை நுனி தொங்கித் தொங்கி என் உயிரை எடுத்தது. கடைசியில் உள்ளே குடைக்கம்பி வைத்து நிமிர்த்தினேன்.

நடுவர்கள் வந்தார்கள். ஒருவர், "டீச்சரா செஞ்சாங்க?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற உங்களைக் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

"டீச்சர் வீட்டுக்காரரு செங்கோட்டையில லேத்துப் பட்டறை வச்சிருக்காருல்லா. அவரு செஞ்சு குடுத்திருப்பாரு."

அவர்களும் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? உங்கள் மேசை டிராயரின் பூட்டைச் சரிசெய்ய வந்து டிராயரையே பெயர்த்துப் போட்டுவிட்டுப் போன மனிதர் அவர். தெரிந்தேதான் சொன்னீர்கள். சும்மா ஒரு சிரிப்புக்காகச் சொன்னீர்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அன்று சாயங்காலம் குற்றாலத்தில் வீட்டுக்கு வந்ததும் அந்த விமானத்தைக் காலால் மிதித்து நொறுக்கினேன். மறுநாள் புது சன்போர்டு வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். இனி உங்கள் கண்ணெதிரேதான் கட்டுவது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உங்களுக்கு நேர் எதிரே. உங்கள் வாயால் 'இது டீச்சர் செஞ்சது' என்று நாலு பேர் முன்னால் சொல்லவைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நான் உப்புத்தாள் போட்டால் தூள் பறந்து உங்கள் மோர்சாதத்தில் விழும். டிபன் மூடியைச் சாய்த்து வைத்து மறைத்துக்கொள்வீர்கள். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது சார், பொய் சொல்வானேன்.

ஜூன் மாதம், விமானத்து உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டப் போகிற அன்றைக்கு, முதல்முறையாக வாயைத் திறந்தீர்கள்.

"டீச்சர், மூடுறதுக்கு முன்னால மூக்குக்குள்ள கொஞ்சம் ஈயம் வைங்க. பின்பாரம் சாஸ்தி. இல்லன்னா வால்ல குந்திரும்."

"உங்க வேலையப் பாருங்க சார்."

நீங்கள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? சொன்னது நீங்கள் என்பதற்காகவே வைக்கவில்லை. ஒட்டி, பட்டி பூசி, மூன்று சக்கரத்தையும் மாட்டி மேசையில் நிறுத்தினேன். மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வாலில் குந்திவிட்டது. தமிழ் ஐயாவிலிருந்து பியூன் வரை எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என் மேசையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். உள்ளே தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள். நீங்கள் வைத்தது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மூக்கை அறுத்து, உள்ளே குண்டுகளை ஒட்டி மூடினேன். நின்றது.

அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. அந்த ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பளபளப்பு செத்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். சாரல் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது. காலாண்டு விடுமுறையில் வெள்ளை அடித்தேன். அது காய்வதற்குள் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். கண்காட்சிவரை இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

வடகரையில் உங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தேன். உங்கள் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்கதான் பிளேன் டீச்சரா? தெனமும் வந்து சொல்லுவாகம்மா. இன்னைக்கு எறக்கை ஒட்டிட்டாக, இன்னைக்கு சக்கரம் மாட்டிட்டாக, எம்புட்டு நறுவிசா செய்தாக தெரியுமான்னு. ஈயக்குண்டு வாங்கப் போனப்ப நானும் கூடத்தான் போனேன்."

அழுகிற வீடு என்றுகூடப் பார்க்காமல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் சொல்ல வாய் இருந்திருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் அந்த வாய்க்கு என்ன வந்தது?

இன்று கண்காட்சி. இந்த முறை யாரும் என் வீட்டுக்காரரை இழுக்கவில்லை. உங்கள் வீட்டம்மா வடகரையிலிருந்து பஸ் ஏறி விமானத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். என் பக்கத்தில்தான் நின்றார்கள். நடுவர் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு பாரம் பின்னால இருக்கு, எப்படி நிக்குது?"

"மூக்குக்குள்ள ஈயம் வச்சிருக்கேன்."

"பரவால்லையே. யாரு யோசனை?"

"என் யோசனைதான் சார்."

உங்கள் வீட்டம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "போய்ட்டு வாரேன் டீச்சர்" என்று கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் குற்றாலம் வரும்வரை எனக்கு நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது, முதலிடம் கிடைத்ததைவிட. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த அம்மாவின் முகம் வந்தது. அடி உங்களுக்கு விழவில்லை, அவர்களுக்கு விழுந்திருக்கிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வடகரைக்குப் போகிறேன். ஈயம் வைக்கச் சொன்னது சார்தான், அவர் சொல்லாவிட்டால் அது நின்றிருக்காது என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்வேன். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

ஸ்டாஃப் ரூமில் சொல்ல மாட்டேன் சார்.