பிபிங்காவில் நாலில் மூன்று பங்கு

கிமாராஸ் தீவு, பிலிப்பைன்ஸ்,
பிப்ரவரி 9

அன்புள்ள ஜெசிபெல்லுக்கு,

இங்கே நலம். உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அக்கா என்றும் பாராமல் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கும் ஹாங்காங் வீட்டில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்துப் போடவா, திரும்பி வந்து நம் பள்ளி வேலைக்கு மனுப் போடவா என்று கேட்டிருந்தாய். "இப்ப எல்லாம் கம்ப்யூட்டராமே மானாங், ஆறு வருஷமா தரை தொடச்ச கைக்கு அதெல்லாம் வருமா?" என்றாய். உள்ளதைச் சொல்கிறேன், முடிவை நீயே எடு.

இங்கே பாடம் நடத்துவதைவிடப் பாடக்குறிப்பு எழுதுவதுதான் பெரிய வேலை. தொழில்நுட்பம் எந்த இடத்தில் வருகிறது என்று காட்ட அதில் ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் தலைமையாசிரியை மாம் பான்சாலன் கையெழுத்திட மாட்டார். விதை முளைப்பதற்கும் வீடியோ வேண்டுமாம். ஜன்னலுக்கு வெளியே முளைத்துக் கிடக்கிறது. அதைக் காட்டினால் கட்டத்தில் என்ன எழுதுவது? வகுப்புக்கு ஒரு டிவி மாட்டியிருக்கிறோம். மின்சாரம் போனதும் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அந்தக் கறுப்புத் திரையில் முகம் பார்த்துத் தலை வாருகிறார்கள்.

அதனால் இப்போது யாரும் பாடக்குறிப்பு எழுதுவதில்லை. ஆசிரியர்களின் முகநூல் குழுவில் கிடைப்பதை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். பக்கத்து வகுப்பு கிளாரிஸா போன மாதம் வேறு பள்ளியின் பெயரோடேயே திரையில் போட்டுவிட்டாள். "படிச்சுக்கூடப் பாக்காம எப்படிடி வகுப்புக்குள்ள போற?" என்று திட்டினேன்.

போன புதன்கிழமை மாம் பான்சாலன் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். முந்தின நாள் முழுவதும் மதிப்பெண் பதிவேற்றுவதிலேயே போய்விட்டது. வேறு வழியில்லாமல் நானும் பின்னப் பாடம் ஒன்றை இறக்கினேன். படிக்கவில்லை. தயாரித்தவர் என்று முன்பக்கத்தில் கேள்விப்படாத யாரோ ஒருவரின் பெயர்.

முதல் படத்தில் நம் ஊர் அரிசி கேக், வட்டமாக ஒரு பிபிங்கா. பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு துண்டாக மறைந்தது. பிள்ளைகள் "இன்னொரு தடவ மாம்!" என்று கத்தினார்கள். ஆறாவது படத்தில் கணக்கு வந்தது. "மானாங் ஏதித் கோபத்தில் பிபிங்காவின் நாலில் மூன்று பங்கைத் தனியாகத் தின்றுவிட்டாள். தங்கைக்கு மிச்சம் எவ்வளவு?"

என் பெயரைக் கண்டதும் வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. "மாம், நெஜமாவே தின்னீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு பெண் எழுந்து கால் பங்கு என்று சரியாகச் சொன்னாள். உட்காரும்போது, "பாவம் மாம், தங்கச்சி" என்றாள்.

மாம் பான்சாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முழு மதிப்பெண் போட்டார். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், இது நான் செய்ததில்லை, இங்கே வேலை பார்த்தபோது என் தங்கை செய்தது என்றேன். நீ ஹாங்காங் போகும் முன் குழுவில் போட்டிருக்கிறாய். அது ஆறு வருடமாக யார் யார் பெயரிலோ ஊர் சுற்றிவிட்டு என்னிடமே வந்திருக்கிறது. இத்தனை ஆசிரியர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கைப் படித்துப் பெயரை மாற்றவில்லை. எத்தனை தீவுகளில் பிள்ளைகள் என்னைப் பெருந்தீனிக்காரியாக நினைத்திருப்பார்களோ!

மாம் பான்சாலன் கேட்டது ஒன்றுதான். "அப்புறம் ஏன் டீச்சர் அவள இன்னும் அங்கயே விட்டு வச்சிருக்கீங்க?"

கம்ப்யூட்டர் வருமா என்ற உன் கேள்விக்கு இதற்கு மேல் நான் என்ன எழுத? இங்கே வந்தாலும் எரிச்சல்தான். கட்டங்கள் இருக்கும், மின்சாரம் இருக்காது. மனு கொடுக்க இருபத்தெட்டாம் தேதி கடைசி. அம்மாவின் மருத்துவத்துக்காகப் போனாய். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. உன் சான்றிதழ்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரிக்கவில்லை, நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஒன்றுமில்லை, சும்மாதான்.

அங்கேயே கையெழுத்துப் போடுவதாக இருந்தால் எனக்குச் சொல்லாமல் போட்டுவிடு. வருவதாக இருந்தால் உடனே கூப்பிடு. பாடம் நடந்துகொண்டிருந்தாலும் எடுப்பேன். ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் மானாங்,
ஏதித்