முதல் மாடிக் கைத்தடி

பிப்ரவரி 11, செவ்வாய்

டிராம்பே ஃபாஸ்ட் குழுவின் இசைத்தட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன், ஏதோ நானே வாசித்த மாதிரி. மும்பையில் 'ஃபாஸ்ட்' என்றால் விரைவு லோக்கல் ரயில்; டிராம்பேக்கோ பயணிகள் ரயிலே கிடையாது. இல்லாத ரயில் என்பதால்தான் அந்தப் பெயரை வைத்தோம் என்பான் ஃபைசான். பாட்டும் கிதாரும் அவன், பேஸ் கிதார் சபா, ட்ரம்ஸ் ஆஷிக். மூன்று பேரும் டிராம்பேயில் சீத்தா கேம்ப் பிள்ளைகள். அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைப் புதுத் தட்டு கேட்க மட்டுங்காவில் என் கடைக்கு வந்துதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இது அவர்களுடைய முதல் எல்பி, முழுநீள இசைத்தட்டு. வெளியீடு 22, சனிக்கிழமை மாலை, இங்கேயே கடைக்குள். திங்களன்று ஆஷிக் ஷார்ஜா போகிறான், ஏசி மெக்கானிக் வேலைக்கு. இரண்டு வருட ஒப்பந்தம். ஆக, அந்த ஒரு சனிக்கிழமைதான்.

ஒன்றை எடுத்துப் போட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் உத்தரத்தில் 'டொக்'. முதல் மாடி வேங்கடசுப்ரமணியன் மாமா, ரயில்வேயில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். அவர் நாற்காலிக்கு நேர் கீழே என் ஜாஸ் தட்டுப் பெட்டி. கைத்தடியால் ஒரு இடி இடித்தால் சுண்ணாம்பு அதன்மேல்தான் உதிரும். பதினோரு வருடமாக இதே கதை. ஒரு தீபாவளிக்குக் கைத்தடி அடியில் மாட்டும் ரப்பர் மூடி வாங்கி, இனிப்போடு வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பினேன். இனிப்பை எடுத்துக்கொண்டு ரப்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

மாமாவின் மனைவி ஷ்யாமளா மாமி மருந்துக் கடைக்குப் போகிற வழியில் நின்றார். "மாமாக்கு மூச்சு வாங்கறது பானு. நுரையீரல் போறுமானவரைக்கும் உழைச்சாச்சுன்னுட்டார் டாக்டர். எந்த நிமிஷம் வேணா எதுவும் ஆகலாமாம்."

எனக்கு முதலில் தோன்றியது என்ன? ஐயோ பாவம் என்றா? இல்லை. இருபத்திரண்டாம் தேதி.

சீ.

ஆனால் பயம் பொய் இல்லை. இந்தக் கட்டடத்தில் ஒரு சாவு விழுந்தால் பதிமூன்றாம் நாள்வரை எந்த வீட்டிலும் பாட்டு கிடையாது, விசேஷம் கிடையாது. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் மாடி ருக்கு மாமி தவறியபோது, நாக்பூரிலிருந்து ரயிலேறி வந்த ஒரு குழுவுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொசைட்டி செக்ரட்டரி கடை வாசலில் நின்று ஷட்டரை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். தாராவியில் எங்கள் சந்தில் சாவு என்றால் மேளம் வரும். இங்கே ரேடியோகூட வாயை மூடிக்கொள்ளும். வந்த இடத்து வழக்கத்துக்கு நான் என்றும் மாறாக நடந்ததில்லை. நடக்கவும் மாட்டேன்.

அதனால்தான் பயம்.

பிப்ரவரி 14, வெள்ளி

'இந்த வாரம் புதுசு' பலகையில் எழுதினேன்: ஷில்லாங் பெண்கள் குழுவின் இரண்டாவது தட்டு, கொச்சியிலிருந்து ஒரு கிதார்க்காரர், கீழே பெரிய எழுத்தில் டிராம்பே ஃபாஸ்ட். மனம் பலகையில் இல்லை. காலையிலிருந்து மேலே ஒரு சத்தமும் இல்லை. குழாய்ச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், எதுவும் இல்லை.

ஷில்லாங் தட்டைப் போட்டேன், அதில் ட்ரம்ஸ் அதிகம். காத்திருந்தேன். இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். கல்லூரிப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். இன்னும் கூட்டினேன்.

டொக்.

ஜாஸ் பெட்டிமேல் வெள்ளைப் பொடி. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

பிப்ரவரி 15, சனி

இளநீர் வாங்கிக்கொண்டு மேலே போனேன். நேரில் பார்த்துவிட்டால் மனம் அடங்கும் என்று. மாமா பால்கனி பார்த்த நாற்காலியில், மடியில் கைத்தடி. ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் இரண்டே வார்த்தை. "சத்தம் ஜாஸ்தி."

மாமி காப்பி கொடுத்தார். "எல்லாருக்கும் ஃபோன் பண்ணி விசாரிக்கத் தெரியறது. புனேலேர்ந்து பிள்ளைகூட ஞாயித்துக்கிழமைதான் வரான். மாடி ஏறி வந்தவ நீ ஒருத்திதான்."

மாமி, நான் விசாரிக்க வரவில்லை. சரக்கு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன். இதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 17, திங்கள்

கடை விடுமுறை, பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சபாதான் முதலில் பேசினாள். "வேற எடம் பாக்கலாமாக்கா?" எங்கே? ஹால் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. செம்பூரில் ஒரு கஃபே கேட்டேன், ட்ரம்ஸ் கூடாதாம். ட்ரம்ஸ் இல்லாமல் ஆஷிக்கை வழியனுப்பவா?

ஆஷிக் சிரிக்கிறான். "டென்ஷன் மத் லோ அக்கா, கவலப்படாதீய. உம்மாட்ட சொல்லியாச்சு. அஞ்சு வக்துத் தொழுகையிலயும் தாத்தாவுக்கு துஆ கேக்காவ. பக்கத்து வீட்டு ஆளுவளும் சேந்துட்டாவ."

ஃபைசான்: "மட்டுங்கா தாத்தாவுக்காக சீத்தா கேம்ப்பே கை ஏந்தி நிக்கி. அவருக்கே தெரியாது."

சிரித்தோம். ஒத்திகை முழுக்க என் காது உத்தரத்தில். மூன்று தடவை தட்டினார். மூன்று தடவையும் ஆஷிக் குச்சியை உயர்த்தி சலாம் வைத்தான்.

பிப்ரவரி 19, புதன்

மாடிப்படியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு இடி, என் நெஞ்சில்.

நாள் முழுக்க பாட்டுப் போட்டேன். தட்டவே இல்லை. சாயங்காலம் இளநீரோடு போனேன். மூக்கில் குழாய், தூங்குகிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. "நீயும் நன்னா தூங்குடீ, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு" என்றார் மாமி, என்னிடம்.

பிப்ரவரி 20, வியாழன்

டொக். காலையிலேயே. இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆம்ப்ளிஃபயர் வந்தது. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, உட்கார பழைய தட்டுப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டோம். ஆஷிக்கின் உம்மா மதீனா பீவி வருகிறார்களாம், மகன் வாசிப்பதை இதுவரை பார்த்ததே இல்லையாம். புதுத் தட்டுக்கு வாரம் முழுக்க ஃபோன். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒரு நாள் மாமா. ஒரே நாள்.

இன்னொன்றும் நினைத்தேன், எழுதித் தொலைக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால், ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் அது எனக்குத் தெரியாமல் போனால்? தெரியாமல் நடந்தது தப்பாகுமா?

ஏட்டி பானுமதி, என்ன புத்தி இது உனக்கு?

பிப்ரவரி 22, சனி

காலை டொக். அப்பாடா.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

கடை நிரம்பி வாசற்படிவரை கூட்டம். கோவண்டியிலிருந்து ஃபைசானின் சிநேகிதர்கள், மட்டுங்கா கல்லூரிப் பிள்ளைகள், வழக்கமாக ஜாஸ் வாங்கும் பார்சி டாக்டர். மதீனா பீவி முன்வரிசைப் பெட்டியில், மடியில் கைப்பை, கண் மகன்மேல். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் மேலே டொக். ஃபைசான் தலையில் சுண்ணாம்பு. மைக்கில் "ஷுக்ரியா தாத்தா" என்று நன்றி சொன்னான். கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

இரண்டாவது பாட்டு. டொக்.

மூன்றாவது முடிந்தது. கைதட்டல் அடங்கியது. ஒன்றுமில்லை.

நான்காவது. ஒன்றுமில்லை.

மாடிப்படி கடையின் பின்கதவை ஒட்டித்தான் இருக்கிறது. எட்டிப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குள் வந்துவிடலாம். போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் நிறுத்த வேண்டும். தெரியாதவரைக்கும் பாட்டு நடக்கும்.

நான் போகவில்லை.

ஆஷிக் முகமெல்லாம் வேர்வையாக வாசிக்கிறான், அவன் உம்மா அழுகிறார்கள், இதைப் போய் நடுவில் அறுப்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் காரணம்தான். அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு அந்தச் சாயங்காலம் வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்தது. மீதி நான்கு பாட்டையும் கேட்டேன். ஒவ்வொன்றின் முடிவிலும் உத்தரத்தைப் பார்த்தேன். ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

எல்லாம் முடிந்து, தட்டுகள் கைமாறி, கூட்டம் கலைந்த பிறகு இனிப்புப் பெட்டியோடு மேலே ஓடினேன். கதவில் பூட்டு.

வாட்ச்மேன்தான் சொன்னான். பாட்டு நடக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்ததாம், பின்பக்கச் சந்து வழியாக. சைரன் போடவிடவில்லையாம் மாமி. "மாஜி நே போலா, ஷோர் மத் கரோ. நீச்சே பச்சோங் கா ப்ரோக்ராம் ஹை." கீழே குழந்தைகளின் நிகழ்ச்சி நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று. கணவருக்கு மூச்சு நிற்கப் போகிற நேரத்தில்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐசியு வாசல் பெஞ்சில் மாமி, புடவை கசங்கி. உயிர் இருக்கிறதாம். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்: "உன் கச்சேரி நன்னா ஆச்சாடீ? நடுவிலே யாரும் வந்து கலைக்கலையே?"

நன்றாக நடந்தது மாமி என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? நீங்க என்னை நினைச்ச நேரத்துல நான் படி ஏறாம உத்தரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்னா? கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

விமான நிலையம். ஆஷிக் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். உம்மாவிடம், "பாத்தீயளா, சனிக்கிழமைவரைக்கும் தாத்தா தாக்குப்பிடிச்சுட்டாவ. உங்க துஆ கபூல், பலிச்சுட்டு" என்றான்.

மதீனா பீவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, துஆவுல தேதி போட்டா கேப்பாவ? அந்த மனுசன் நல்லா இருக்கணும்னுல்லா கேட்டேன். இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் தேதி போட்டுத்தான் கேட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

புதுசு பலகையில் எதுவும் எழுதவில்லை. பார்சல் பிரிக்காமல் கிடக்கிறது. டிராம்பே ஃபாஸ்ட் நன்றாகப் போகிறது. பெங்களூரு கடை ஒன்று கேட்டிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

கடையில் பாட்டு எவ்வளவு சத்தமாக வைத்தாலும் கேட்பார் இல்லை. பதினோரு வருடமாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். இப்போது ஊசியை வைக்கவே கை வரவில்லை.

சனிக்கிழமை முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு உத்தரத்தைப் பார்க்கிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாமிக்கு இட்லி கொண்டுபோனேன். மாமா கண் திறந்து பார்த்தார். என்னை யாரென்று தெரிந்ததா, தெரியவில்லை.

மார்ச் 8, சனி

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. லிஃப்ட் இல்லாத கட்டடம்; நாற்காலியோடு தூக்கி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் புனே மகன், ஒரு பக்கம் வாட்ச்மேன், பின்னால் ஃபைசான், நோன்பு வாயோடு. "தாத்தா வெயிட்டே இல்லக்கா" என்று இறங்கி வந்து சொன்னான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

கால் இனி நிற்காது, நடை முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூச்சு மட்டும் இப்போதைக்குப் பரவாயில்லை.

மார்ச் 12, புதன்

மூன்று நாள் மெதுவாகவே போட்டேன். இன்று காலை மனம் கேட்கவில்லை. டிராம்பே ஃபாஸ்ட், முதல் பாட்டு, முழுச் சத்தம். காத்திருந்தேன். தட்டவில்லை. இரண்டாவது பாட்டு. தட்டவில்லை.

இந்த முறை ஊசியைக்கூட எடுக்கவில்லை. கடையைத் திறந்துபோட்டபடி ஓடினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வலது கை மட்டும் தொடைமேல் ஏறி ஏறி இறங்கியது.

"கைத்தடி ஆம்புலன்ஸ்லேயே போயிடுத்து" என்றார் மாமி. "நீ பாட்டுப் போட்டதிலேர்ந்து இதான். கையை ஓங்கறார். ஒண்ணுமில்லையேன்னு என்னைப் பார்க்கறார்."

மாமா என் பக்கம் திரும்பினார். மூச்சு சேர்க்க நேரம் பிடித்தது. "சத்தம்," என்றார். பிறகு, "ஜாஸ்தி."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று மாமிக்குப் புரியவில்லை, எனக்கும்.

மட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போய்க் கைத்தடி வாங்கினேன், கனமான மரம். கடைக்காரர் அதைத் தரையில் ஊன்றிக் காட்டினார். "அடியில நல்ல ரப்பர்மா. வழுக்காது, சத்தமும் வராது."

நடக்கப் போகிறவருக்குத்தானே வழுக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ரப்பரைக் கழற்றினேன். இறுக்கமாக மாட்டியிருந்தார்கள், பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. பிறகுதான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

புதுத் தட்டுகள் பிரித்துப் பலகை எழுதினேன். ஜாஸ் பெட்டியை எதிர்ச் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறேன், சுண்ணாம்பு தாங்கவில்லை.