மேரிராணி கட்டிய நோன்புப் பூ

மத்திகிரி,
புரட்டாசி 8

அன்பு மகள் தர்ஷினிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. என் முட்டிவலியையும் உன் அப்பாவின் சர்க்கரையையும் கழித்துவிட்டால் நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரோஹனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஐந்து வாரமாக நீ அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் அவர் “ம், சரி, ம்” என்பதோடு முடித்துவிடுகிறார், அதிலிருந்து நான் என்னத்தைக் கண்டேன். அதனால்தான் பேனா எடுத்தேன். இந்தக் கடிதம் உன் அத்தை மேரிராணியின் பெட்டியில்தான் ஜெர்மனி வருகிறது. உறையை ஒட்டவில்லை. அவர் படித்தாலும் எனக்குச் சம்மதமே.

இங்கே ஒரு வாரமாக மழை. ராயக்கோட்டையில் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்களாம், நம் தெருக்கடையில் மட்டும் விலை இறங்கவில்லை. அப்பாவுக்குக் கம்பெனியில் இன்னும் ஏழு மாசம்தான் வேலை. இதெல்லாம் அவரே சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது வரலட்சுமி நோன்பு பற்றி. அருப்புக்கோட்டைப் பக்கம் நமக்கு அந்த நோன்பு வழக்கமே கிடையாது என்பது உனக்குத் தெரியும். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த பிறகு வீட்டுக்காரம்மா சென்னம்மா சொல்லித் தந்துதான் பிடித்தேன். எட்டு லட்சுமியும் ஒரே கலசத்தில் வருவாள், வீட்டில் எதற்கும் குறை இருக்காது என்றார். முதல் வருஷம் வெள்ளி முகம் வாங்க வசதியில்லாமல் தேங்காய்க்கே மஞ்சள் பூசிக் கண் வரைந்தேன், அம்மனுக்கு மாறுகண் என்று நீ சிரித்தாய். அன்று முதல் பூ கட்டிக் கொடுத்தது பக்கத்துப் போர்ஷன் மேரிராணிதான். அப்போது அவர் உனக்கு மாமியார் ஆகவில்லை, நீயும் ரோஹனும் ஒரே வேனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். மல்லியும் கனகாம்பரமும் வைத்து அவர் கட்டுகிற நெருக்கம் எனக்கு இன்னும் கைவரவில்லை. வருஷா வருஷம் பூஜை முடிந்து என்னிடம் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, இரண்டு ஒப்பட்டுப் போளியைத் தின்றுவிட்டுத்தான் சர்ச்சுக்குக் கிளம்புவார்.

இந்த வருஷ நோன்பு, உன் மாமனார் ஜான்பீட்டர் தை மாதம் காலமான பிறகு வந்த முதல் நோன்பு. அரிசி, எலுமிச்சை, விரலி மஞ்சள், காசு எல்லாம் கலசத்தில் போட்டுப் புடவை உடுத்தி, வாசலிலிருந்து அம்மனை உள்ளே அழைக்கப் போகிற நேரம். உனக்குக் காட்டத்தான் போனை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தேன். சரியாக அப்போது உன் அத்தை பூத்தட்டோடு வந்தார். நான் செய்ததை நீ பார்த்துவிட்டாய், இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன். தட்டைப் படியிலேயே வாங்கிக்கொண்டேன். நீங்க வீட்லயே இருங்க, பிரசாதம் குடுத்தனுப்பறேன் என்றேன். அவர் சரிங்கக்கா என்று திரும்பிப் போனார். அந்தப் பூவைத்தான் அம்மனுக்குச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் நீ போனைத் துண்டித்திருந்தாய்.

சென்னம்மா சொன்னதால்தான் அப்படிச் செய்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன், அது பொய். சாயங்காலம் தாம்பூலத்துக்கு வந்த சென்னம்மாவே, எங்கேம்மா பூ கட்ற மேரியம்மா, காணோமே என்று கேட்டார். தலைவலி என்று அவரிடமும் ஒரு பொய். உண்மை என்னவென்றால் பயந்தேன், தர்ஷினி. நீ ஏழு மாசம். புருஷனை இழந்தவர் நோன்புக்குள் வந்தால் உன் தாலிக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். உன் புருஷன் யார் பெற்ற பிள்ளை? பெற்றவளாலேயே பிள்ளைக்கு ஆபத்து வரும் என்று நினைத்த இந்த மூளையை எங்கே கொண்டுபோய் வைப்பது. நோன்புக் கதையில் வருகிற பெண், கனவில் கிடைத்த வரத்தைத் தனக்கென்று பொத்தி வைக்காமல் ஊர்ப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். அதை வருஷா வருஷம் வாசிப்பது நான்தான். அன்றைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். மறுநாள் கலசத்தை அரிசி டிரம்முக்குள் இறக்கும்போதுதான் அழுகை வந்தது.

பிரசவத்துக்கு அம்மா வேண்டாம், அத்தை வரட்டும் என்று நீ சொன்னதாக அப்பா சொன்னார். தலைப்பிரசவம் தாய்வீட்டு உரிமை என்று கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் அத்தை இருமுவது கேட்டும் வீம்பில் போகாமல் இருந்தேன். போன வெள்ளிதான் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னார், அக்கா, நான் பூ கட்டறப்பல்லாம் மாதாகிட்ட உங்க வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் வேண்டிக்குவேன், இந்த வருசமும் வேண்டிக்கிட்டேன், அதுல ஒண்ணும் கொறையில்ல என்று. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீ எடுத்த முடிவு சரிதான். பெட்டியில் பிரசவ லேகியம், ஓமம், பிள்ளையைச் சுற்ற என் பழைய நூல்புடவைத் துண்டுகள் வைத்திருக்கிறேன். அத்தைக்கு இந்த ஓசூர்க் குளிரே ஆகாது, மாப்பிள்ளையிடம் சொல்லி நல்ல கம்பளிக் கோட்டாக வாங்கிக் கொடுங்கள். நீ மாடிப்படி பார்த்து இறங்கு, இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத செல்வத்தோடும் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை நம் பக்கம் சேனை என்போம், வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உன் பிள்ளைக்கு நான்தான் வைப்பேன் என்று உன் கல்யாண நாளிலிருந்தே சொல்லி வந்தேன். அதை உன் அத்தை வைக்கட்டும். டாக்டர் கூடாது என்றால் வெறும் விரலையாவது உதட்டில் தொட்டு எடுக்கட்டும். பிள்ளைக்கு அவர் குணம் வரட்டும். என் குணம் வேண்டாம்.

உன் அம்மா,
வீரலட்சுமி