சித்தப்பா தட்டுகிற லெவல்

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்க வயல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தம்மபாலனுக்கு அப்பா ரத்தினம் சொல்ல, உன் தங்கை சௌந்தரம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌந்தரமும் சுகம். என் வலது கை மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அங்கே பிலாயில் உன் உடம்பும் உன் வேலையும் நீயே வடிக்கிற சோறும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது. பயப்படாதே, இரண்டு விரலில்தான் அடி, எலும்பு ஒட்டிவிடும் என்று டாக்டர் சொன்னார். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். தான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று அப்பா உத்தரவு. அவருக்குக் கை இல்லாத நேரத்தில் என் கைவரிசையைக் காட்டாவிட்டால் எப்போது காட்டுவது?) பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் மகளுக்குப் பங்காருபேட்டையில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், ரயில்வேயில் வேலை. நம் கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. உன் தங்கை கணக்கில் தேறிவிட்டாள், ஒழுக்கத்தில் தேறவில்லை. கன்னட வாத்தியார் உட்கார்ந்தபடியே தூங்கியபோது அவர் நாற்காலியில் வாடகைக்கு விடப்படும் என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டாளாம், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். (ஆள் இருந்தும் அது வெறும் காலி நாற்காலிதான்.) நீ வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் போகாதே. கடையில் எண்ணெய்ப் பலகாரம் வாங்கித் தின்னாதே. அம்மா அனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது.

இப்போது முக்கியமான விஷயம் கேள். ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் ஒரு ஆவிப் படம் ஓடுகிறது. நான் சங்கத்து மேடையில் ஏறிப் பேயும் இல்லை பிசாசும் இல்லை, போய்ப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று தொண்டை கிழியப் பேசியவன், உனக்குத் தெரியும். கேலி செய்யலாம் என்றுதான் போனேன். படத்தில் செத்துப்போன தம்பி ஒருத்தன் அண்ணன் வீட்டுக்குக் காவலாக வருகிறான். அவனுக்குத் துணையாக ஒரு போலீஸ் ஏட்டு ஆவி. பிரமோஷன் வருவதற்குள் செத்துப்போன ஏக்கத்தில் அது தெருவில் போகிற கழுதைக்குக்கூட சல்யூட் அடிக்கும். தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்தது. ஆவிகளுக்குப் பேச்சு வராது, அதனால் வீட்டுக்கு ஆபத்து என்றால் தம்பி தூணைத் தட்டுவான். பாயசத்தில் ஒருத்தன் விஷம் கலந்த அன்றைக்குத் தட்டு தட்டென்று தட்டியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கடைசியில் ஏட்டு பாயசத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. (இந்த இடத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து காட்டினார்.) முடிவில் அண்ணனுக்கு மெதுவாக விஷயம் புரிகிறது. யாரும் இல்லாத கூடத்தில் நின்று, தூணை இவனே ஒரு தட்டு தட்டுகிறான். உள்ளிருந்து ஒரு தட்டு பதில் வருகிறது. அவ்வளவுதான், வசனம் ஒன்றும் கிடையாது. நான் அழுதேன் பாலா. பக்கத்தில் இருந்தவன் அழுதான். முறுக்கு விற்கிறவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

உன் முனுசாமி சித்தப்பா பாறை வெடிப்பில் போன அதே லெவலில்தான், சுரங்கத்தின் அதே ஆழத்தில்தான், நான் இப்போது பாறை சரியாமல் மர முட்டு கொடுக்கிறேன். அவன் உடம்பை மேலே கொண்டுவர முடியவில்லை, உள்ளேயே தங்கிவிட்டான். படம் பார்த்த மறுநாள் இறங்கினேன். முட்டுக்குப் பின்னால் பாறைக்குள் டொக் டொக் என்று சத்தம். சுத்தியலால் இரண்டு தட்டினேன். பதில் வந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சத்தம் கேட்டதும் பாறை வெடிக்கப் போகிறது என்று முதல் ஆளாக ஓடிக்கொண்டிருந்தேனே, தம்பி கூப்பிடக் கூப்பிட ஓடினேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் நான் ஓடுவதில்லை. போன வாரம் பாறை சிதறிய நேரத்தில் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. விரலோடு போயிற்று, தலை தப்பியது. இழுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அறையில் உட்கார்ந்த வேலை தருகிறோம் என்று ஆபீசில் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். கட்டுப் பிரித்ததும் பழைய இடத்துக்கே இறங்குவேன். அவனை அங்கே தனியாக விட்டுவிட்டு மேலே உட்கார்ந்து நான் விளக்குத் துடைக்கவா? நீ எதற்கும் கவலைப்படாதே, நம் வீட்டுக்குக் காவல் இருக்கிறது. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் வாழ என் வாழ்த்து. அப்பா ரத்தினம், இடது கையால்.

அண்ணா, இனி அடைப்புக்குறி தேவையில்லை. அப்பா கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு மாட்னிக்குப் போய்விட்டார், அதே படத்துக்கு. மேலே பாயசம் வருகிற வரி கோணலாக இருக்கிறதே, அது என் கை கோணல் இல்லை. அப்போது கீழே எங்கோ பாறை வெடித்துத் தரை ஆடியது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே ஓடி எந்த ஷாப்ட்டில் விபத்துச் சங்கு ஊதுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் ஓடினாள். அப்பா மட்டும் சிரித்த முகமாக உட்கார்ந்து, உங்க சித்தப்பன் புரண்டு படுக்கறான், அதெல்லாம் எழுதாதே, பாயசத்தை எழுது என்றார். எழுதினேன். சங்கு ஊதவில்லை. இந்த மாதத்தில் இப்படி ஆடுவது இது முதல் தடவை இல்லை.

காலரைப் பிடித்து இழுத்த ஆவிக்குப் பெயர் சாம்ராஜ். அப்பாவோடு ஒரே ஷிப்ட்டில் இறங்குகிறாரே, அந்த சாம்ராஜ் அண்ணன்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். இன்னா யசோதாக்கா பண்றது, முட்டு மரம் கத்துது வாண்ணே வாண்ணேன்னு நான் கத்திக்கினே கீறேன், அவரு இன்னாடான்னா சுத்தியெ வெச்சிகினு டொக்கு டொக்குன்னு அதுக்குப் பதில் சொல்லிக்கினு நிக்கறாரு, நான்தான் புடிச்சி இழுத்தேன், இன்னொரு வாட்டி என்னால ஆவாதுக்கா, எனக்கும் புள்ளைங்க கீது, வேற லெவலுக்கு எழுதிக் குடுத்துட்டேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவிடம் இதைக் கேட்டேன். அப்பா என் தலையைத் தடவி, சாம்ராஜ் கைக்குள்ள வந்தது அவன்தாம்மா என்றார். இதற்கு மேல் என்ன வாதாடுவது? அந்தப் படத்திலேயே தட்டினால் ஆபத்து, விலகிப் போ என்றுதான் அர்த்தம். அப்பா கடைசி சீனை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். படம் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, நானும் அழுதேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். சங்கத்துத் தலைவரே வந்து பேசினார், அப்பா அவருக்கும் படத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதனால் நீ புத்தி சொல்லி எழுதாதே, இந்த வீட்டில் புத்திமதி செல்லாது. நீ இப்படி எழுது. சித்தப்பா மேலே வந்துவிட்டார், பிலாயில் என் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், கதவைத் தட்டுகிறார், நான் தட்டினால் பதில் தட்டுகிறார் என்று எழுது. தம்பி அங்கே இல்லை என்று தெரிந்தால்தான் அப்பா அந்த லெவலை விடுவார். நீ பஞ்சசீலம் பேசுவாய் என்று தெரியும். பொய் சொல்லாதே என்கிற அந்த நாலாவது சீலத்தை நான் உடைத்ததாகவே வைத்துக்கொள், என்னிடம் ஏற்கெனவே அது துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடி விழும் என்று தள்ளியே உட்கார்ந்திருந்தேன். அம்மா நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம், வெறுமனே தட்டறாருன்னு எழுதினா உங்க அப்பா நம்ப மாட்டாருடி என்றாள். சித்தப்பா கடைசியாக இறங்கிய அன்றைக்குக் காலையில் அம்மாவோடு ஏதோ சண்டை போட்டு, சாப்பாட்டுத் தூக்கை வாங்காமல் போய்விட்டாராம். பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுக்க அம்மாவுக்கும் ரோஷம் விடவில்லை. இது அப்பாவையும் அம்மாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாதாம். பசிக்குது, அண்ணிகிட்ட இருந்து தூக்கு வாங்கிக்கலைன்னு சொன்னாரு, சோறு போட்டேன், துன்னுட்டாருன்னு எழுதச் சொல்லு என்றாள். துன்னுட்டாருன்னு கட்டாயம் எழுதச் சொல்லு என்று மறுபடியும் சொன்னாள்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளி, கிடைத்த நேரத்தில் தூங்கு என்கிறாள். உன் பதில் கடிதத்தை அப்பா பெயருக்கே போடு, இந்தப் பக்கத்தை அடுப்பில் போடு. மாதக் கடைசியில் கட்டுப் பிரிக்கிறார்கள், அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் ஷிப்ட்டில் அப்பா இறங்குகிறார். அன்றைக்கு சாம்ராஜ் அண்ணன் இடத்தில் அவருக்குப் பின்னால் நிற்பவர் புது ஆள். அவருக்கு அப்பாவைத் தெரியாது.

சொன்னது அம்மா யசோதா,
எழுதியது சௌந்தரம்.