நிபந்தனை இல்லாத மனிதர்

மோலோ, இலோயிலோ
செப்டம்பர் 8

அன்புள்ள நெஸ்தோருக்கு,

கடல் உங்களைப் படுத்தாமல் இருக்கிறதா? போனில் எதைச் சொன்னாலும் 'சரி சரி' என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறப்போகும் ரோதெலிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உலர்ந்த மீனும் இருக்கிறது, அவன் வழியில் தின்னாமல் இருந்தால்.

புயலில் பிய்ந்த கூரைத் தகரத்தை மாற்றியாயிற்று. உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

டிசம்பரில் நம் மிராசோலுக்குப் பதினெட்டு முடிகிறது. ரோஜா கொடுத்து அவளோடு ஆடப்போகிற பதினெட்டு ஆண்கள் யார் யார் என்று உட்கார்ந்து முடிவு செய்தோம். வழக்கப்படி கடைசி ஆட்டம் அப்பாவுடையது. அதற்கு அவள் உங்கள் தம்பி பெயரைச் சொன்னாள். அப்பாவைக் கேளேன் என்றேன். "கேட்டா சரின்னுதாம்மா சொல்வாரு. ஆனா வரமாட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனது கேட்காமல் ஜோவெலினிடம் போனேன். உங்கள் கப்பல் ஆபீசில், யார் எந்தக் கப்பலில் ஏறுவது, எப்போது இறங்குவது என்று கணக்குப் போடும் மெஷினை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் ஆளே ஏன் கடலில் கிடக்கிறார், யாருக்கு அவர் மேல் என்ன பகை என்று சண்டைக்கே நின்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பகையெல்லாம் இல்ல ஆன்ட்டி. ஒவ்வொரு இடத்துக்கும் எல்லாரையும் தேடினா முடியவே முடியாது. அதனால வேலைவாரியா, லைசென்ஸ்வாரியா ஆளுங்கள முன்னாடியே பிரிச்சு வெச்சிருக்கும். அதுலயும் நிபந்தனை நிறைய போட்டவங்கள முதல்ல உக்கார வெச்சிடும். அவங்கள கடைசிக்கு விட்டா எங்கயாவது இடிக்கும், மொத்தத்தையும் கலைச்சுப் போடணும். எதுவுமே கேக்காதவங்க எங்க போட்டாலும் பொருந்துவாங்க. மிச்சம் விழுற இடம் அவங்களுக்கு. அங்கிள்கிட்ட எல்லா லைசென்ஸும் இருக்கு, நிபந்தனை ஒண்ணுகூட இல்ல. மெஷினுக்கு அவருன்னா உசிரு."

மனைவிக்குப் பிரசவம் என்றவர்கள், அண்ணனுக்குக் கல்யாணம் என்றவர்கள் எல்லோரும் முதலில் உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத டிசம்பர் உங்கள் தலையில் விழுந்தது. நீங்கள் வந்த மாதமெல்லாம் மழை மாதம்தான்.

எங்கள் வீட்டுக்காரர் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தப் பெருமையில் பெண்ணின் குழந்தைப்பருவமே போய்விட்டது.

நீயே ஒரு தேதியைப் போட்டுவிடேன் என்று ஜோவெலினைக் கெஞ்சினேன். "அங்கிளே சொல்லணும் ஆன்ட்டி. பொண்டாட்டி சொன்னா எடுக்காது" என்றுவிட்டாள். இம்மாதக் கடைசிக்குள் சொன்னால் டிசம்பர் கணக்கில் சேருமாம்.

கடிதம் கிடைத்ததும் ஆபீசுக்கு ஒரு வரி அனுப்புங்கள். டிசம்பர் பத்துக்குள் கரை இறங்க வேண்டும், மகள் பிறந்தநாள் என்று எழுதினால் போதும். அதற்கப்புறமும் இடம் அமையவில்லை என்றால் மெஷினைத் திட்டிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஆனால் கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் உங்களுக்கு வேண்டியது ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒரு தடவையாவது நீங்கள் சொல்லி நான் கேட்க வேண்டும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
எர்லிண்டா