வாஷிங் மெஷின் விற்பனைக்கு இல்லை

உங்களுக்குத்தான்,

தூங்குகிற ஆளை எழுப்பிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. விசா மையத்துக்குப் போகிறேன். நாம் அடுத்துக் குடிபோகப்போகிற நாட்டின் நீண்டகால விசாவுக்கு நான் இங்கிருந்தேதான் விண்ணப்பிப்பேன். இங்கே நமக்கு வசிக்க அனுமதி இருக்கிறது, எனக்கு வேலையும் இருக்கிறது. "ஊருக்குப் போய்ப் போட்டா அண்ணன் பாத்துக்குவான்" என்று நேற்றும் ஆரம்பித்தீர்கள். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரியுமே!

இந்த நாட்டுக்கு வரும்போது ஊரிலிருந்துதானே போட்டோம்? உங்கள் விசா வந்தது, நீங்கள் பறந்துவிட்டீர்கள். என்னுடையது வரும்வரை உங்கள் அண்ணன் வீட்டு அடுப்படியில் வெந்தது நான். "ரெண்டே வாரம்தான்" என்று இன்னொரு தடவை என்னிடம் சொல்லாதீர்கள்.

ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாஷிங் மெஷினை விலைபேசியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரர் அதை எடுக்கக் காலையில் வருவாராம். வரட்டும். உங்கள் துணி முழுவதையும் உள்ளே போட்டு ஓடவிட்டிருக்கிறேன். "விக்கலைங்க" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

சாப்பாடு ஃப்ரிட்ஜில். சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல்.

கீழே இடமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்: பதினோரு மணிக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் பதிந்திருக்கிறேன். கைரேகை வைக்க நீங்களே வர வேண்டும். ஒரே ஒரு சட்டையைத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அது விசா மையத்துக்கு வருவதற்கு மட்டும். ஊருக்குத்தான் போவேன் என்றால் ஈரச் சட்டையோடு போங்கள்.