அறுபது வீடுகளுக்கு நான் எழுதிய விண்ணப்பம்

கனவில் வந்தும் என்னை அதட்டுகிற உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்காத என் அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் மில்லுக்கு வரலாறு எழுதப்போகிறார்கள். எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். சிரிக்காதே.

போன மாதம் மில் மேனேஜர் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீடு தேடி வந்தார். கையில் அரைக் கிலோ பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருப்பவனுக்கு வெளியூரிலிருந்து பால்கோவா கொண்டுவருகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

பெரிய முதலாளியின் பேரன்தான் இப்போது மில்லைப் பார்க்கிறார். மூன்று தலைமுறைக் கதையையும் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறாராம். "நம்ம லைன் வீட்டுல வளந்து புஸ்தகம் எழுதுற ஆளு நீங்க ஒருத்தர்தான் சார். நீங்க எழுதினாத்தான் அதுல உயிர் இருக்கும்" என்றார் மேனேஜர். நாற்பது வருஷமாக நான் எழுதிய எதையும் படிக்காத மில்லுக்குத் திடீரென்று என் எழுத்தில் உயிர் தென்படுகிறது.

குறிப்புகள் என்று ஒரு தடித்த ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய முதலாளி வில்வண்டியில் வந்து நிலம் பார்த்தது, முதல் நூல் ஓடிய அன்று தேங்காய் உடைத்தது எல்லாம் இருந்தன. தொழிலாளர்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்தார்கள். 'நிர்வாகம் கட்டிய அறுபது வீடுகளில், பணிக்காலம் வரை தங்கிக்கொள்ளத் தொழிலாளர்கள் அனுமதிக்கப்பட்டனர்.' பக்கத்துக்குப் பக்கம் புகழ்மாலை தொங்கிய ஃபைலில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் வக்கீல் குரலில் பேசியது.

மறுநாளே பஸ் ஏறி, மில்லை ஒட்டி வரிசையாக நிற்கும் நம் லைன் வீடுகளுக்குப் போனேன். நீ இருந்த வீட்டில் உன் மகள் செல்வி இருக்கிறாள். முந்தின வாரம் மில்லிலிருந்து இரண்டு பேர் வந்து, மாரியம்மன் கோயிலிலிருந்து கடைசி வீடு வரைக்கும் டேப் பிடித்து அளந்ததாகச் சொன்னாள். கேட்டதற்கு, புத்தகத்தில் படம் போட என்றார்களாம்.

"போட்டோ எடுக்கிறதுக்கு எதுக்கு மாமா டேப்பு? எங்க தெருவுக்குச் சட்டையா தைக்கப்போறாக?"

வீட்டுக்குக் காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை. அறுபது வீட்டிலும் இல்லை. 'கட்டிக்கிடுங்க, உங்களுக்குத்தான்' என்று பெரிய முதலாளி வாயால் சொன்னார், நீங்கள் காதால் கேட்டீர்கள். பத்திரம் அவ்வளவுதான். அந்த வீடு போனால் செல்விக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் வேறு கூரை கிடையாது. மில் இப்போது வெளிமாநிலத்துப் பிள்ளைகளை விடுதியில் வைத்து ஓடுகிறது. அதற்கு லைன் வீடுகள் தேவையில்லை. அவை நிற்கும் இடம்தான் தேவை என்று எனக்குப் படுகிறது.

அந்த வீடுகள் எழும்பிய விதம் உனக்குத் தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். மில் கொடுத்தது நிலமும் கல்லும் சுண்ணாம்பும். அதை மறைத்தால் நானும் ஒரு ஃபைல் எழுதுகிறவன் ஆகிவிடுவேன். கட்டியது நீங்கள். காலை ஷிப்ட் முடித்தவர்கள் பொழுது சாயும் வரை கட்டினார்கள், மதிய ஷிப்ட்காரர்கள் வேலைக்குப் போகுமுன் கட்டினார்கள். நீ ரீலிங்கில் எட்டு மணி நேரம் நின்று நூல் சுற்றிவிட்டு, தலைமுடியில் பஞ்சோடு வந்து தண்ணீர் சுமந்தாய்.

ஆனால் யாரும் தன் வீட்டைத் தான் கட்டவில்லை. ஒற்றுமை என்று மேடையில் சொல்வார்கள். உண்மையான காரணம் சந்தேகம். அவன் நல்ல கல்லை ஒதுக்கிக்கொள்வான், இவன் சுண்ணாம்பைக் கூட்டிக்கொள்வான் என்று உங்களில் ஒருவரும் ஒருவரை நம்பவில்லை. அறுபது வீடும் முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கலாம், அதுவரை எந்த வீடும் யாருடையதும் இல்லை என்று அத்தான்தான் வழி சொன்னார். தனக்கு எந்தச் சுவர் வாய்க்கும் என்று தெரியாததால் யாரும் எந்தச் சுவரையும் மோசமாக எழுப்பவில்லை. இத்தனை வருஷ மழையில் ஒன்றுகூடச் சாயவில்லை. மனிதர்களின் அவநம்பிக்கை இவ்வளவு உறுதியாக நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாதாடவே இல்லை. பீரோவைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்க அக்காவே எழுதிக் குடுத்திருக்காவளே சார்."

எழுத்து என்னுடையது, அக்கா. லைன் வீடுகளுக்கு மின்விளக்கு கேட்டு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் எழுதிய விண்ணப்பம். 'தங்கள் திருக்கரங்களால் கட்டி அருளப்பட்ட இல்லங்களில், தங்கள் நிழலில் ஒண்டி வாழும் அறுபது குடும்பத்தார்' என்று தொடங்குகிறது. கீழே முதலில் உன் கையெழுத்து. அதற்கப்புறம் மற்ற வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும்.

அன்றைக்கு உனக்கு வாசித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? "ஏலே, நம்ம கட்டின வீட்ட எதுக்குலே அவிய கட்டினதா எழுதிருக்க?" என்று கேட்டாய். "விண்ணப்பம்னா அப்படித்தான்க்கா எழுதணும், அதான் மரியாதை" என்றேன். நீ என்னைச் சற்று நேரம் பார்த்தாய். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாய்.

மூன்றே மாதத்தில் விளக்கு எரிந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்தேன். அதன் பிறகு நம் தெருவில் எல்லோரும் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் 'முதலாளி குடுத்த வீடு' என்றே சொல்லிப் பழகினோம். நாம் உபசாரத்துக்குச் சொன்னதை அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நீ அன்று பார்த்த பார்வையில் யாரைச் சந்தேகப்பட்டாய்? முதலாளியையா, என்னையா? நீ இருந்தபோது நான் கேட்கவில்லை.

ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ, பேரனுக்கு உண்மையிலேயே புத்தக ஆசைதானோ என்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். பெரிய முதலாளி வண்டிமாடு மிரண்டு சாக்கடையில் விழுந்த கதையைப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதலாம் என்றார் மேனேஜர். வீடுகளைக் கட்டியது தொழிலாளர்கள் என்று?

"அந்த ஒரு வரிய மட்டும் தொடாதீக சார். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

லைன் வீட்டில் வளர்ந்தவன் கையாலேயே அந்த வரி அச்சேற வேண்டும், மொத்தப் புத்தகமும் அதற்குத்தான். ஃபைலை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். 

வீடு கட்டியவர்களில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி அவர்களை வீட்டுக்கு அழைத்திருந்தாள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினேன். யார் எந்தச் சுவர், எந்தக் கிணற்றுத் தண்ணீர், சீட்டை யார் எடுத்தார்கள் என்பது வரை. முதல் வரியாக, பழைய விண்ணப்பத்தில் உள்ளது பொய், அதை எழுதியவன் நான் என்று எழுதினேன். முடித்துவிட்டு வாசிக்கத் தொண்டையைச் செருமினேன். உன்னோடு ரீலிங்கில் நின்ற பேச்சியம்மாள் கை நீட்டித் தாளைப் பிடுங்கினாள்.

"நீ எழுதுனத நீயே வாசிக்கப்பிடாது. ஒருக்க நம்புனது போதும். செல்வி வாசிக்கட்டும்."

செல்வி வாசித்தாள். நான் 'உழைப்பின் கோயில்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். ஏழு பேரும் அதை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தாளை எந்த அதிகாரி கேட்டாலும், எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் நானே கொண்டுபோவேன், அக்கா. என் பொய்யை நானே என் வாயால் சொல்லுவேன், ஓர் அலங்காரமும் சேர்க்காமல். சந்தேகமாக இருந்தால் செல்வியையும் கூட அனுப்பு.

உன் கூடப்பிறந்தவன்,
சுப்பையா